வேலை எங்கே போகிறது, யார் பைக்குப் போகிறது: வாசகர் கேள்வி பதில்

உலகமயமாதல் சிங்கப்பூரில் உங்கள் வேலையில் என்ன செய்தது என்று எழுதச் சொல்லிப் போன இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். சம்பளத்தைப் பற்றிக் கேட்டால் யாருக்குத்தான் பேச்சு வராது? வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். பெயர் வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் எல்லோருக்குமே வட்டாரத்தை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: ஒரே கம்பெனியில் கணக்குப் பிரிவில் முடி நரைத்தவன் நான். சென்ற ஆண்டு எங்கள் பிரிவையே சென்னைக்கு மாற்றினார்கள். அங்கே புதிதாக எடுத்த பிள்ளைகளுக்கு ஸூமில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தவனே நான்தான், அதுவும் தமிழில். சொல்லிக்கொடுத்து முடித்ததும் எனக்குக் கடிதம் வந்தது. நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை கிடைத்ததே என்று சந்தோஷப்படுவதா, வயிறு எரிவதா? (ஈசூன் வாசகர், வயது 51)

பதில்: இரண்டையும் செய்யலாம் அண்ணே, ஒன்றுக்காக இன்னொன்றை விட வேண்டியதில்லை. ஆனால் வயிற்றெரிச்சலை எந்தப் பக்கம் திருப்புவது என்பதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். அந்தப் பிள்ளைகள் யாரும் உங்கள் நாற்காலியைப் பிடித்து இழுக்கவில்லை. உங்களுக்குக் கொடுத்த சம்பளத்துக்கும் சென்னையில் இப்போது கொடுக்கும் சம்பளத்துக்கும் நடுவே மாதாமாதம் ஒரு தொகை மிச்சமாகிறதே, அது யார் பைக்குப் போகிறது என்று பாருங்கள். அந்தப் பிள்ளைகளுக்கும் போகவில்லை, உங்களுக்கும் வரவில்லை. எரிச்சலுக்குச் சரியான முகவரி அங்கேதான் இருக்கிறது.

உங்கள் கம்பெனி ஒன்றும் புதுமை செய்யவில்லை. வங்கி, காப்புறுதி, கப்பல், மருந்து என்று எல்லாத் துறையிலும் பன்னாட்டு நிறுவனங்கள் இந்தியாவில் தங்களுக்கென்றே அலுவலகம் திறந்து, உலகம் முழுவதற்குமான கணக்கையும் சம்பளப் பட்டியலையும் மென்பொருளையும் அங்கே வைத்துப் பார்த்துக்கொள்கின்றன. ஜிசிசி என்று சொல்வார்கள். 2024 கணக்குப்படி 1,700க்கும் மேற்பட்ட மையங்கள், ஏறக்குறைய 19 லட்சம் பேர். பெங்களூரும் ஹைதராபாத்தும் முன்னால் போகின்றன, சென்னை விடாமல் துரத்துகிறது. ஒரு காலத்தில் போனை எடுத்துப் பேசும் வேலைதான் அங்கே போனது, அப்புறம் பில் போடும் வேலை போனது, இப்போது வங்கிக் கடனில் எவ்வளவு ஆபத்து இருக்கிறது என்று கணிக்கிற வேலை வரைக்கும் போய்க்கொண்டிருக்கிறது. வேலை மொத்தமும் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது என்றால், அதைச் செய்கிறவர் ராபின்சன் ரோட்டில் இருந்தால் என்ன, சிறுசேரியில் இருந்தால் என்ன என்று மேலிடத்தில் யாராவது ஒருவர் கேட்டே தீருவார்.

கசப்பான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஊருக்கே வேலை வந்த வழி இதுதான். சிப் செய்கிற அமெரிக்கக் கம்பெனி டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் 1968இல் இங்கே வர முடிவெடுத்து ஐம்பதே நாளில் உற்பத்தியைத் தொடங்கியதை இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அந்த வேலையை நம்பி அமெரிக்காவில் யார் வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது என்று நாம் விசாரித்ததில்லை. 1982இல் ஹார்ட் டிஸ்க் செய்கிற சீகேட் வந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் உலகத்து ஹார்ட் டிஸ்க்கில் பாதி அளவு இந்தச் சின்னத் தீவில் செய்யப்பட்டது, நம் அத்தைமாரும் அக்காமாரும் ஷிஃப்ட் பஸ் ஏறிப் போய்ச் செய்தார்கள். 2009இல் அதே சீகேட் அங் மோ கியோ ஆலையை மூடுவதாக அறிவித்தது, இரண்டாயிரம் பேர் அளவில் வேலை இழந்தார்கள்.

சரி, உங்கள் கைக்கு என்ன வரும் என்று பார்ப்போம். ஆட்குறைப்பு இழப்பீடு இவ்வளவு கொடுத்தே ஆகவேண்டும் என்று இங்கே சட்டம் இல்லை. பலருக்கு இது கடிதம் வந்த பிறகுதான் தெரிகிறது. வேலை ஒப்பந்தத்திலோ தொழிற்சங்கத்தின் கூட்டு ஒப்பந்தத்திலோ எழுதியிருந்தால் கேட்டு வாங்கலாம். எழுதாத இடத்தில் வழக்கம் என்று ஒன்று உண்டு: இரண்டு ஆண்டாவது வேலை பார்த்தவருக்கு, ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டு வாரச் சம்பளத்திலிருந்து ஒரு மாதச் சம்பளம் வரை. சங்கம் இருக்கும் கம்பெனிகளில் பொதுவாக ஒரு மாதக் கணக்கு. சங்கச் சந்தா எதற்கு என்று இத்தனை நாள் கேட்டவர்களுக்கு இந்த ஒரு வரி போதும். அப்புறம், 2025 ஏப்ரலில் தொடங்கிய வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டத்தில், மாதச் சம்பளம் சராசரியாக 5,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் போகாதவர்களுக்கு ஆறு மாதத்தில் மொத்தமாக 6,000 வெள்ளி வரை கிடைக்கும், ஆனால் சும்மா கிடைக்காது, வேலை தேடுகிறீர்கள் என்று காட்டவேண்டும். நாற்பது வயதைத் தாண்டிய குடிமக்களுக்கு 2024இல் திறன் பயிற்சிக்கென்று போட்ட 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பணம் உங்கள் கணக்கில் தொடாமல் கிடக்கிறதா என்று பாருங்கள். முழுநேரமாகப் படிக்கப் போனால் பழைய சம்பளத்தில் பாதி, அதிகபட்சம் 3,000 வெள்ளி, மாதாமாதம் 24 மாதம் வரை தருகிறார்கள். ஐம்பத்தொரு வயதில் மறுபடியும் வகுப்பில் உட்காருவது லேசில்லை என்பது தெரியும். எந்த கோர்ஸ் படித்தால் வேலை நிச்சயம் என்று கேட்டிருந்தீர்கள். நிச்சயம் என்று யாராவது சொன்னால் அவர் அந்த கோர்ஸை விற்கிறவர்.

கேள்வி: நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள், தம்பி தேசிய சேவை முடித்தவன். அம்மாவோடு எம்ஆர்டியில் தமிழில் பேசிக்கொண்டு வந்தபோது பக்கத்தில் நின்றவர் ‘சீக்கா’ என்று முணுமுணுத்தார். அம்மாவுக்கு அது என்னவென்றே தெரியாது. எனக்குத் தெரியும். நான் அவருக்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்? (பாசிர் ரிஸ் வாசகி)

பதில்: ரயிலில் முணுமுணுக்கிறவருக்கு நாம் பாடம் எடுக்கத் தேவையில்லை தங்கச்சி. ஆனால் வீட்டுக்குப் போய் அம்மாவுக்கு விளக்கியிருப்பீர்கள், அதற்கு உதவியாக இருக்கட்டும்.

சீக்கா என்பது 2005 ஜூனில் இந்தியாவும் சிங்கப்பூரும் கையெழுத்திட்ட பொருளியல் ஒத்துழைப்பு ஒப்பந்தம், அந்த ஆகஸ்ட்டில் நடப்புக்கு வந்தது. அதில் இந்தியர்கள் யாரும் இஷ்டத்துக்கு இங்கே வந்து வேலை பார்க்கலாம் என்று ஒரு வரியும் இல்லை. வருகிறவர் எல்லோரையும் போல மனிதவள அமைச்சின் விதிகளுக்குள்தான் வரவேண்டும். ஒரே கம்பெனிக்குள் ஊர் மாற்றிக்கொண்டு வருவோர் என்று தனிப்பிரிவு உண்டு, அதைத்தான் எல்லோரும் பெரிதாகப் பேசினார்கள். 2021 ஜூலையில் நாடாளுமன்றத்தில் இது வெளிப்படையாக விவாதிக்கப்பட்டபோது சொன்ன கணக்கில், 2020இல் அந்தப் பிரிவில் இந்தியாவிலிருந்து இருந்தவர்கள் ஐந்நூறு பேர் அளவில்தான்.

ஆனால் முணுமுணுப்பு காற்றிலிருந்து வந்தது என்று சொல்லவும் மாட்டேன். வெளிநாட்டு நிபுணர், மேலாளர்களுக்கான வேலை அனுமதியான எம்ப்ளாய்மெண்ட் பாஸில் இருப்பவர்களில் இந்தியர் பங்கு 2005இல் ஏழில் ஒன்று போல இருந்தது, 2020இல் நாலில் ஒன்று போல ஆகிவிட்டது. ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் இது ஏறத்தான் செய்திருக்கும், ஏனென்றால் அந்தப் பதினைந்து ஆண்டில் உலகமே மென்பொருள் ஆட்களைத் தேடி அலைந்தது, அவர்கள் எங்கே அதிகம் கிடைக்கிறார்களோ அங்கே இருந்து வந்தார்கள். ஆனால் சாங்கி பிசினஸ் பார்க்கில் மதியச் சாப்பாட்டுக்குக் கீழே இறங்கி வருகிற இங்கத்திய பட்டதாரிக்கு இந்த விளக்கம் வயிற்றை நிரப்பாது. ஒரே நாட்டுக்காரர் ஒரு பிரிவைப் பிடித்துத் தங்கள் ஆட்களையே சேர்த்துக்கொண்ட இடங்கள் இருந்தன, அதை மறைப்பதால் நமக்கு ஒரு லாபமும் இல்லை. அதற்காகத்தான் 2023 செப்டம்பரில் காம்பஸ் என்ற புள்ளிமுறை வந்தது. சம்பளத்துக்கும் படிப்புக்கும் புள்ளி உண்டு. அதோடு, அந்தக் கம்பெனியின் நிபுணர், மேலாளர் நிலை ஊழியர்களில் விண்ணப்பிக்கிறவரின் நாட்டவர் நாலில் ஒரு பங்கோ அதற்கு மேலோ இருந்தால் அந்தப் பிரிவில் புள்ளி பூஜ்யம். மொத்தம் நாற்பது புள்ளி எடுத்தால்தான் பாஸ். 2025 ஜனவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளமும் 5,600 வெள்ளி, நிதித்துறையில் இன்னும் அதிகம், வயது கூடக்கூட அதுவும் கூடும்.

இதில் எனக்கு ஒரு தனிக்கருத்து உண்டு. ‘நான் சீக்கா இல்லை, இங்கே பிறந்தவள்’ என்று பதில் சொல்ல நாக்கு துடிக்கும். சொன்னால் என்ன அர்த்தம் வருகிறது பாருங்கள்: அவர்களை நீ திட்டிக்கொள், என்னைத் தப்பாகச் சேர்த்துவிட்டாய், அவ்வளவுதான் என் புகார். நம்மில் சிலரும் ‘ஊர்க்காரங்க வந்துட்டாங்க’ என்று கோப்பிக்கடையில் உட்கார்ந்து அதே தொனியில் பேசுவதை நான் கேட்டிருக்கிறேன். விதி போடுகிறவரை, ஆள் எடுக்கிற மேலாளரைக் கேள்வி கேட்பது கஷ்டம். ரயிலில் நிற்கிற முகத்தைப் பார்த்து முணுமுணுப்பது சுலபம். அந்த ஆள் சுலபமானதைச் செய்தார்.

கேள்வி: பொன்னி அரிசி விலையைக் கேட்டால் கடைக்காரர் ஒரு வாரம் டெல்லி என்கிறார், ஒரு வாரம் செங்கடல் என்கிறார், இன்னொரு வாரம் வாடகை என்கிறார். எதை நம்புவது? (தேக்காவில் காய் வாங்குகிற இல்லத்தரசி)

பதில்: மூன்றும் உண்மை அம்மா, மூன்றும் சாக்காகவும் பயன்படும்.

இந்த ஊர் சாப்பாட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது, அரிசி முழுக்கவே வெளியிலிருந்துதான். 2022 கணக்குப்படி இங்கே இறக்கிய அரிசியில் நூற்றுக்கு நாற்பது இந்தியாவுடையது. 2023 ஜூலையில் டெல்லி பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. அங்கே தேர்தல் வரப்போகிறது, உள்ளூரில் விலை ஏறக்கூடாது, அவர்கள் கணக்கு அவர்களுக்கு. புழுங்கல் அரிசிக்குத் தடை இல்லை, ஆகஸ்ட்டில் 20 விழுக்காடு ஏற்றுமதி வரி போட்டார்கள், நம் வீட்டுப் பொன்னி பெரும்பாலும் அந்தப் பிரிவில்தான் வரும். சிங்கப்பூர் தனியாகப் பேசி 50,000 டன்னுக்கு விலக்கு வாங்கியது. அது முடிவதற்குள் டிசம்பரில் வெங்காயத்துக்குத் தடை, 2024 மே வரை. அதே சமயத்தில் செங்கடலில் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்ததால் ஐரோப்பாவுக்குப் போகிற கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின, அட்டவணை எல்லாம் குழம்பி 2024 நடுவில் நம் துறைமுகத்திலேயே கப்பல்கள் வரிசையில் நின்றன. சென்னையிலிருந்து இங்கே வருகிற கப்பல் செங்கடல் பக்கமே போகாது, இருந்தாலும் கொள்கலன் தட்டுப்பாடு எல்லோருக்கும் பொது, சரக்குக் கட்டணம் எல்லோருக்கும் ஏறும்.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று. வெள்ளை அரிசித் தடை 2024 செப்டம்பரில் நீங்கியது. நீங்கியதும் உங்கள் கடையில் மூட்டை விலை எத்தனை வெள்ளி இறங்கியது என்று ஞாபகம் இருக்கிறதா? ஏறும்போது உலகச் செய்தி சொல்கிற கடைக்காரர் இறங்கும்போது வாயைத் திறப்பதில்லை. அவரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது, லிட்டில் இந்தியாவில் கடை வாடகை என்ன போகிறது என்று கேட்டால் தலை சுற்றும், அரிசியில் மிச்சம் பிடித்துத்தான் வாடகை கட்டுகிறார். அரிசி இறக்குமதி செய்கிறவர்கள் இரண்டு மாத இறக்குமதிக்குச் சமமான கையிருப்பு வைத்திருக்கவேண்டும் என்று இங்கே விதி இருக்கிறது. ஆகவே செய்தி வந்த மறுநாளே நாலு மூட்டை வாங்கி வீட்டில் அடுக்காதீர்கள். வண்டு வரும்.

கேள்வி: அண்ணா, எனக்குப் புதுக்கோட்டைப் பக்கம். இங்கே கட்டுமானத்தில் வேலை. ஊரில் ஓரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கமெல்லாம் கம்பெனி நிறைய வந்துவிட்டது, திரும்பி வந்துவிடு என்கிறார் மச்சான். வெள்ளி அறுபது ரூபாயைத் தாண்டி நிற்கும்போது விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. என்ன செய்யலாம்? (துவாஸ் விடுதியிலிருந்து)

பதில்: தம்பி, முதலில் அந்த அறுபதைப் பற்றிப் பேசுவோம். 1990களின் நடுவில் ஒரு வெள்ளிக்கு இருபத்தைந்து ரூபாய் போலக் கிடைத்தது. இன்று அறுபதுக்கு மேல். ஏதோ நம் சம்பளம் ஏறியது மாதிரி தெரிகிறது, உண்மையில் ரூபாய் இறங்கியிருக்கிறது. அந்த இருபத்தைந்து ரூபாயில் வாங்கிய சிமெண்ட்டையும் மனையையும் தங்கத்தையும் இன்றைய அறுபது ரூபாயில் வாங்க முடிகிறதா என்று அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். இங்கே நாள் சம்பளம் பதினெட்டு, இருபது என்று எத்தனை வருஷமாக நின்றுகொண்டிருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். பணமாற்று விகிதம் ஏறுவதால் சம்பளம் ஏறாதது உறைப்பதில்லை. முதலாளிக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்.

முதலாளி உங்களுக்காகச் செலவழிப்பது உங்கள் சம்பளம் மட்டுமில்லை. கட்டுமானத்தில் உங்களுக்காக அரசாங்கத்துக்கு மாதாமாதம் தீர்வை கட்டுகிறார். 2024 ஜனவரியிலிருந்து உயர்திறன் என்று பதிவான ஊழியருக்கு 500 வெள்ளி, அடிப்படைத் திறன் ஊழியருக்கு 900 வெள்ளி. அதாவது உங்கள் கைக்கு வருகிற பணத்துக்குக் கொஞ்சம் கிட்டத்தட்டவே ஒரு தொகை உங்கள் தலையில் வேறு பக்கம் போகிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் உயர்திறன் பிரிவுக்கு, ஆர்1 என்பார்களே அதற்கு, ஏறினால் முதலாளிக்கு மாதம் 400 வெள்ளி மிச்சம். அந்த 400இல் உங்களுக்கு எவ்வளவு என்று கேட்க உங்களுக்கு ஒரு காரணம் கிடைக்கிறது. கேட்டால் கொடுப்பாரா என்றால், பக்கத்துக் கம்பெனி கொடுக்கும் என்று தெரிந்தால் கொடுப்பார். பெர்மிட் முடிவதற்கு 40 நாளிலிருந்து 21 நாள் வரைக்கும் உள்ள இடைவெளியில், இப்போதைய முதலாளி சம்மதம் இல்லாமலேயே வேறு கம்பெனிக்கு மாறலாம் என்று விதி இருக்கிறது. இந்தத் தேதியை போனில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பெர்மிட் புதுப்பிக்க உங்களிடம் யாராவது காசு கேட்டால் அது குற்றம், முப்பதாயிரம் வெள்ளி வரை அபராதம், இரண்டு வருஷம் வரை சிறை. அமைச்சிடம் சொல்லலாம். சொல்லப் பயமாக இருந்தால் கேட்டவர் அனுப்பிய மெசேஜையாவது அழிக்காமல் வையுங்கள்.

இப்போது மச்சான் சொல்வது. ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் செய்கிறார்கள், பொய்யில்லை. ஃபாக்ஸ்கான் பெண் ஊழியர்களுக்காக வல்லம் வடகாலில் ஏறக்குறைய 18,700 பேர் தங்குகிற விடுதியே 2024 ஆகஸ்ட்டில் திறந்தாகிவிட்டது. கவனித்தீர்களா, பெண் ஊழியர்கள். அந்த வரிசையில் உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள், உங்கள் தங்கைக்குக் கிடைக்கலாம், உங்களுக்குக் கிடைப்பது கஷ்டம். அதோடு அங்கே நிறையப் பேர் காண்டிராக்ட்டில்தான் இருக்கிறார்கள். இதே ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் நோக்கியா திறந்தபோது ஊரே கொண்டாடியது, 2014 நவம்பரில் மூடியபோது பல ஆயிரம் பேர் வீட்டுக்குப் போனார்கள். மறைமலை நகரில் ஃபோர்டு 2022இல் கடைசிக் காரை இறக்கியது. வருகிற கம்பெனி எல்லாம் போகவும் தெரிந்த கம்பெனிதான், இங்கே எப்படியோ அங்கேயும் அப்படியே.

என்னைக் கேட்டால், கடன் இன்னும் நிற்கிறது என்றால் இருங்கள், ஆர்1 எடுங்கள், வெல்டிங்கோ பைப் ஃபிட்டிங்கோ ஊரிலும் செல்லுபடியாகிற ஒரு தொழிலைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். கடன் முடிந்துவிட்டது, மனை ஒன்று இருக்கிறது, குழந்தை உங்களை வீடியோவில் மட்டுமே பார்த்து வளர்கிறது என்றால் நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை, அந்தக் கணக்கை உங்கள் வீட்டில்தான் போடவேண்டும். மச்சான் ‘கம்பெனி வந்துவிட்டது’ என்கிறார், ‘உனக்கு வேலை பேசி வைத்திருக்கிறேன்’ என்று சொன்னாரா?

கேள்வி: 1968இல் பிரிட்டிஷ்காரன் போகப்போகிறான் என்றதும் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த என் தகப்பனாருக்குச் சோறு இறங்கவில்லை. அதையே தாண்டி வந்தோம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஏஐ, சீனா என்று வீணாகப் பயப்படுகிறார்கள் என்பது என் கட்சி. சரிதானே? (செம்பவாங் வாசகர், ஓய்வுபெற்றவர்)

பதில்: பாதி சரி ஐயா. அந்தத் தளங்கள் இந்த ஊர் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு கொடுத்துக்கொண்டிருந்தன. அதை இழந்து எழுந்து நின்றது சாதாரணக் காரியமில்லை. கப்பல் பட்டறையை ஒரு வெள்ளி என்று பெயருக்கு விலை போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்கள், அது செம்பவாங் ஷிப்யார்டு ஆனது, நம் ஆட்கள் பலர் போர்க்கப்பலை விட்டு எண்ணெய்க் கப்பலைப் பழுதுபார்க்கப் பழகிக்கொண்டார்கள். உங்கள் தகப்பனாரும் அப்படித்தான் இருந்திருக்கலாம்.

மறுபாதிக்கு வருகிறேன். தாண்டி வந்தோம் என்று சொல்லும் ‘நாம்’ யார் என்று கொஞ்சம் பார்க்கவேண்டும். குடியுரிமை எடுக்காமல் இருந்தவர்களில் பலர் பெட்டியைக் கட்டிக்கொண்டு கப்பலேறிவிட்டார்கள். தாண்டாதவர்கள் இங்கே இல்லை, அதனால் அவர்கள் கதை நம் காதுக்கு வருவதில்லை. அதற்கும் முன்னால், 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்தபோது மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கூட்டம் கூட்டமாக ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். அமெரிக்காவில் கார் விற்காததற்கு நம் பாட்டன் கப்பலேறினான். உலகமயம் என்ற பேச்சு பிறப்பதற்கு முன்பே நமக்கு அது பழக்கம்.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. அன்றைக்கு மேற்கத்திய கம்பெனிகள் வெளியே இடம் தேடி வந்த காலம், நாம் கதவைத் திறந்து வைத்தோம், ஜூரோங்கில் சதுப்பு நிலத்தை மூடி ஆலை கட்டினோம். அப்போதைய நிதியமைச்சர் கோ கெங் சுவீயின் கிறுக்குத்தனம் என்று சொன்னவர்களே பிறகு அங்கே வேலைக்குப் போனார்கள். இன்றைக்கு அவரவர் நாடு கதவைச் சாத்துகிற காலம். அன்றைக்குத் தளத்தில் வேலை போன ஃபிட்டர் பட்டறையில் ஃபிட்டராகவே சேர முடிந்தது. டிபிஎஸ் வங்கி 2025 பிப்ரவரியில், ஏஐ காரணமாக மூன்று ஆண்டில் 4,000 தற்காலிக, ஒப்பந்த வேலைகள் குறையும் என்றது. அந்த 4,000 வேலையைப் பார்க்கிறவர்கள் எந்தப் பட்டறைக்குப் போவது என்று யாரும் சொல்லவில்லை. பிள்ளைகளின் பயத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது ஐயா. பேரப்பிள்ளைகளிடம் ‘நாங்க பார்க்காததா’ என்று மட்டும் தொடங்காதீர்கள், அப்புறம் அவர்கள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வார்கள்.

கேள்வி: டிரம்ப் நமக்குப் போட்டது வெறும் 10 விழுக்காடு வரிதானே, ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்? (குவீன்ஸ்டவுன் மாணவர்)

பதில்: 2025 ஏப்ரலில் போட்டது அது. 2004 முதல் அமெரிக்காவோடு தடையில்லா வர்த்தக ஒப்பந்தம் இருக்கிறது, நாம் அவர்கள் பொருளுக்கு வரி போடுவதில்லை, நம்மோடு செய்கிற வியாபாரத்தில் அவர்களுக்குத்தான் உபரி, அப்படியும் 10. ஒப்பந்தக் காகிதத்துக்கு என்ன மதிப்பு என்பதுதான் அதில் உறைத்தது. மற்றபடி நமக்குப் போட்ட வரியைவிட மற்ற நாடுகளுக்குப் போட்ட வரிதான் நமக்கு ஆபத்து. இந்த ஊரின் ஏற்றுமதி இறக்குமதியைக் கூட்டினால் மொத்த உள்நாட்டு உற்பத்தியைப்போல மூன்று மடங்கு வரும். 2024இல் துறைமுகத்தில் ஏறி இறங்கியது 4 கோடியே 11 லட்சம் இருபதடிப் பெட்டி, அதில் பெரும்பகுதி ஒரு கப்பலிலிருந்து இன்னொன்றுக்கு மாறிப் போகிற அடுத்தவர் சரக்கு. வியட்நாமில் செருப்பு தைப்பது குறைந்தால் துவாஸ் துறைமுகத்தில் பெட்டி குறையும்.

கேள்வி: ஜோகூரில் புதிய பொருளியல் வட்டாரம் வருகிறதாம், அங்கே வேலைக்குப் போகலாமா? (உட்லண்ட்ஸ் வாசகி)

பதில்: 2025 ஜனவரி 7இல் சிங்கப்பூரும் மலேசியாவும் ஒப்பந்தம் போட்டாகிவிட்டது. ஆலைக்கு நிலம் வேண்டும், நம்மிடம் இல்லை, அவர்களிடம் இருக்கிறது, அதனால் ஆலையும் கிடங்கும் அங்கே, தலைமை அலுவலகம் இங்கே என்பது திட்டம். நீங்கள் போவதென்றால் சம்பளம் வெள்ளியிலா ரிங்கிட்டிலா, சேமநிதி எந்த நாட்டில் ஏறும் என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். ரிங்கிட் சம்பளம் வாங்கிக்கொண்டு உட்லண்ட்ஸில் வீட்டுக் கடன் கட்ட முடியாது. காலை ஐந்து மணிக்குக் கடற்பாலத்தில் நின்று பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

கேள்வி: உணவு விநியோக வேலை செய்கிறேன், வயது 46. செயலிக் கம்பெனி எந்த நாட்டுக்காரனுடையது என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. நான் தொழிலாளியா, முதலாளியா? (ஹவ்காங் வாசகர்)

பதில்: நீண்ட நாளாக இரண்டும் இல்லாமல்தான் வைத்திருந்தார்கள். மழையில் ஓட்டும்போது தொழிலாளி, விழுந்து கால் உடைந்தால் சுயதொழில் முதலாளி. ஊபர் 2018இல் தன் தென்கிழக்காசியத் தொழிலை கிராபிடம் விற்றுவிட்டுப் போனபோது ஓட்டுநர்களிடம் யாரும் கேட்கவில்லை, செயலியை மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான். 2025 ஜனவரி 1 முதல் இங்கே தனிச்சட்டம் வந்திருக்கிறது. உங்களைப் போன்றவர்களுக்கு பிளாட்ஃபார்ம் ஊழியர் என்று தனித்தகுதி, வேலையில் அடிபட்டால் மற்ற ஊழியர்களுக்குக் கிடைக்கிற அளவில் இழப்பீடு, உங்கள் சார்பில் பேச உங்களுக்கென்று சங்கம். மத்திய சேமநிதி மட்டும் வயதைப் பொறுத்தது. 1995 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குக் கூடுதல் சந்தா கட்டாயம், கம்பெனியும் தன் பங்கைப் போடும். உங்களுக்குக் கட்டாயமில்லை, விரும்பினால் சேரலாம். சேர்ந்தால் கையில் வருவது குறையும், சாதாரணக் கணக்கில் கம்பெனிப் பணமும் சேர்ந்து ஏறும், வீட்டுக் கடனுக்கு அதிலிருந்து கட்டலாம். சந்தா விகிதம் 2029 வரை படிப்படியாக ஏறும். ஒருமுறை சேர்ந்துவிட்டால் விலக முடியாது, ஆகவே சேருவதற்கு முன்னால் வீட்டுக் கடன் எவ்வளவு பாக்கி, மாதச் செலவுக்கு ரொக்கம் எவ்வளவு வேண்டும் என்று வீட்டம்மாவோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.